முற்றத்துக் கோழியும் அதன் பகைவரும்



வரலாறு என்றவுடன் உங்கள் உள்ளம் கோட்டைகளையும் கொத்தளங்களையும் நோக்கி ஓடும். எங்கள் சேந்தமங்கலத்திலும் அவற்றுக்குக் குறைவில்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கரே நாமக்கல் பாறையின் மீதுள்ள கோட்டையைக் கட்டியவர் என்பர். (கோப்பெருஞ்சிங்கனின் சேந்தமங்கலம் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தது. தேர்வுத்தாளில் இரண்டையும் ஒன்றாக்கி மதிப்பெண் இழந்த பிள்ளைகளை நான் பலமுறை கண்டதுண்டு.) ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோட்டையன்று, கோழி. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. வீட்டு முற்றத்தில் குப்பையைக் கிளறும் கோழியைவிட நாம் நன்கறிந்த பொருள் வேறு யாது?

நன்கறிந்தோம் என்று எண்ணுகிறோமே தவிர, உண்மையில் அதனை நாம் கூர்ந்து பார்ப்பதில்லை. அதன் நிறம், கால், கொண்டை, குரல் ஆகிய அனைத்தும் எழுதி வைத்த ஏடுகள் போன்றவை. அவ்வேட்டில் எழுதியவர்களுள் மனிதனும் ஒருவன். பருந்தும் கீரியும் காட்டுப்பூனையும் அவனினும் நெடுங்காலம் எழுதியிருக்கின்றன. இன்ன கோழி இன்ன இனம் என்று அறிவதும், அதனைப் பகையினின்று காப்பதும் வெவ்வேறு செய்திகள் அல்ல என்பதே நான் சொல்ல வந்தது.

சேந்தமங்கலத்தின் அமைப்பை மனத்தில் கொள்ளுங்கள். ஒரு பக்கம் கொல்லிமலை. மறு பக்கம் நாமக்கல்லை நோக்கி விரியும் மேட்டு நிலம். மலையடிவாரத்துப் புதர்களிலிருந்து காட்டுப்பூனையும் மரநாயும் இரவில் இறங்கி வரும். சமவெளியிலோ நீண்ட கொட்டகைகளில் வெள்ளைக் கோழிகள் கூண்டுகளில் வரிசையாக நிற்கின்றன. நடுவில் இருக்கும் எங்கள் வீட்டு முற்றங்களில் சிவப்பும் கறுப்பும் புள்ளியுமாக நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. கோழியின் நெடிய வரலாற்றில் மூன்று பருவங்களை ஒரு நாள் நடையில் இங்கே கண்டுவிடலாம்.

முதற்பருவம் காடு. வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே என்று சார்லசு டார்வின் 1868இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். அக்காட்டுக்கோழியின் பல கிளைகளுள் தென்கிழக்காசியாவில் வாழும் ஒரு கிளையே நம் கோழிக்கு மிக நெருங்கியது என்று 2020இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, தாய்லாந்தில் பான் நான் வாட் என்னும் ஊரில் அகழ்ந்தெடுத்த எலும்புகளே வீட்டுக்கோழியின் மிகப் பழைய உறுதியான சான்று என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது என்றும் அறிஞர் கூறினர். மனிதன் காட்டை அழித்து நெல்லும் தினையும் விதைத்தான். சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி களத்துமேட்டுக்கு வந்தது என்பது அவர்கள் கருத்து. மனிதன் கோழியைப் பிடித்து வந்தான் என்று நாம் நினைத்திருக்க, கோழி தானே வந்து சேர்ந்தது போலும்!

இங்கே தென்னாட்டுக்கு உரிய ஒரு செய்தி உண்டு. நம் மலைக்காடுகளில் வாழ்வது செந்நிறக் கோழியன்று, சாம்பல் நிறக் கானக்கோழி. பிரெஞ்சு நாட்டு இயற்கை ஆய்வாளர் சொன்னரா என்பவரின் பெயரை அறிவியலார் அதற்கு இட்டுள்ளனர். உங்கள் வீட்டுக் கோழியின் காலைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால், அம்மஞ்சள் சாம்பற் கானக்கோழியிடமிருந்து கலப்பால் வந்தது என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் 2008இல் கண்டறிந்தனர். செந்நிறக் காட்டுக்கோழியின் தோலில் அம்மஞ்சள் இல்லை. அக்கலப்பு கொல்லிமலையில்தான் நடந்தது என்று நான் ஊர்ப்பெருமை பேசப்போவதில்லை. ஆயினும் உலகெங்கும் பண்ணைகளில் நிற்கும் மஞ்சட்கால் கோழிகள் யாவும் இந்தியக் காட்டுப் பறவை ஒன்றின் அடையாளத்தைக் காலில் தாங்கி நிற்கின்றன என்பது உண்மை.

இரண்டாம் பருவம் முற்றம். இதற்குச் சான்று தேடி நாம் தாய்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு காட்சியை அமைத்திருக்கிறார். மாலைப் பொழுது, வேலியோரத்தில் வெருகு, அதாவது காட்டுப்பூனை, வந்து நிற்கிறது, எங்கே புகுவது என்றறியாது குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழுமுகின்றன, குட்டைக்கால் கொண்ட வீட்டுப் பெட்டைக்கோழி அவற்றைக் கூவி அழைக்கிறது. ஊரார் தலைவனைப் பற்றிப் பேசும் பேச்சுக்கு உவமையாக வந்தது இக்காட்சி. ஆனால் கோழி வளர்ப்போர்க்கு உவமையைவிடக் காட்சியே போதும். வந்த பகை எது, அது வரும் வேளை எது, வரும் வழி எது, தாய் என் செய்யும், குஞ்சுகள் எங்ஙனம் தடுமாறும் என்ற ஐந்தும் அதில் உள்ளன. கோழியின் கால் குட்டை என்று இன அடையாளத்தையும் அப்பெருமாட்டி விடவில்லை! அந்நூலின் 107ஆம் பாட்டிலோ, விடியலில் கூவித் துயிலெழுப்பிய சேவலை, வெருகுக்கு இரையாகிப் போ என்று தலைவி சபிக்கிறாள். வீட்டில் கோழிக்கு நேரக்கூடிய பெருந்துன்பம் எது என்று கேட்டால் அக்காலத்தார் உடனே சொல்லும் விடை காட்டுப்பூனை என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

அப்பெட்டையின் கூவலைப் பற்றி ஒரு புதுச்செய்தி. ஈவான்சு, மார்லர் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில் கோழிகளின் எச்சரிக்கைக் குரல் இருவகைப்படும் என்று சோதித்துக் காட்டினர். வானில் பருந்து தோன்றினால் ஒரு மெல்லிய நீண்ட கீச்சொலி. தரையில் பகை தோன்றினால் விட்டு விட்டு எழும் உரத்த கொக்கரிப்பு. பகை எதுவும் இல்லாதபோது இக்குரல்களைப் பதிவு செய்து ஒலிபரப்பினர். முதற்குரலைக் கேட்ட கோழிகள் மறைவிடம் தேடி ஓடிப் பதுங்கி வானை நோக்கின. இரண்டாம் குரலைக் கேட்டவை கழுத்தை நிமிர்த்து நாற்புறமும் நோக்கின. கோழிக்குச் சொல் உண்டு என்று நான் கூறமாட்டேன். ஆனால் பொருள் உண்டு. எங்கள் பக்கத்துப் பாட்டிமார் அடுப்படியில் இருந்தவாறே ‘பருந்து வந்துவிட்டது’ என்றோ ‘கீரி வந்துவிட்டது’ என்றோ சொல்லிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அவர்கள் எந்த ஆய்வையும் படித்தவர்கள் அல்லர்.

இனி இனங்களை அறியும் முறையைப் பார்ப்போம். நம் நாட்டுப்புறத்தார் கோழிகளைப் பெரும்பான்மையும் சிறுவிடை, பெருவிடை என இரண்டாகப் பிரிப்பர். விடை என்பது முட்டையிடும் பருவத்தை எட்டும் இளம் பெட்டைக்குப் பெயர். சிறுவிடை உடல் சிறுத்தது, கால் குட்டை, விழிப்பு மிகுதி, வேலியைத் தாண்டிப் பறக்கும், ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு அடையில் அமரும், குஞ்சுகளைக் காக்க நாயையும் எதிர்க்கும். பெருவிடை நெடிய கால், நிமிர்ந்த மார்பு, தடித்த கழுத்து உடையது, போர்ச்சேவல்கள் இவ்வகையின. வடநாட்டார் அசில் என்று வழங்கும் இனத்தின் உறவினர் இவர். இவற்றுள்ளும் கிளிமூக்குப் போல் வளைந்த அலகும் விசிறி போன்ற வாலும் உடைய சேவல்களைப் பேணி வளர்ப்போர் சேலம் வட்டாரத்தில் பலர்.

கொண்டையைப் பார்த்தாலும் கலப்பு தெரியும். ஒற்றைத் தகடாய் அரம்பப் பல் போல் நிற்பது ஒரு வகை. தாழ்ந்து மூன்று வரிகளாய்ப் படிந்து கிடப்பது பெருவிடையின் கொண்டை. சண்டையில் எதிரிக்குப் பிடி கொடுக்காத கொண்டை அது. உயிரியல் பயிலும் மாணவர் இதனை அலட்சியமாக எண்ண வேண்டா. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் வில்லியம் பேட்சன் எடுத்துக்காட்டியபோது, அவர் கைக்கொண்ட சான்றுகளுள் முதன்மையானது கோழியின் கொண்டைதான். கழுத்தில் இறகில்லாத கோழியைக் கண்டு நோய் என்று சிலர் ஒதுக்குவர். அது நோயன்று, பிறவிக் குணம். வெப்ப நாட்டில் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள உதவுவது.

சேவலுக்கு நம் முன்னோர் அளித்த மதிப்பையும் சொல்லியாக வேண்டும். சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு; அங்கே ஒரு சேவல் யானையை எதிர்த்து வென்றது என்பது கதை. கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் போரிட்டு மாண்ட சேவல்களுக்கு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். சேவலின் உருவத்தைச் செதுக்கி, மேற்சேரிக் கோழி என்றும் கீழ்ச்சேரிக் கோழி என்றும் அதன் சேரியைக் குறித்து எழுத்தும் பொறித்துள்ளனர். கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டிய எழுத்து அது. போரில் பட்ட வீரனுக்கு எடுக்கும் கல்லைச் சேவலுக்கும் எடுத்த ஊர்கள் உலகில் எத்தனை இருக்கும்!

ஆனால் கல் எடுக்கப்பட்டது சேவலுக்கே. குஞ்சு காத்த பெட்டைக்கு யாரும் கல் நாட்டவில்லை. ஊரில் நாள்தோறும் நடந்த போர் சேவற்கட்டன்று; முற்றத்துப் போர். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்வேன், ஏனெனில் நம் பாடநூல்களில் அது இல்லை.

இழப்பு நேர்ந்த இடத்தைப் பார்த்தே பகைவனைக் கண்டறியலாம். பட்டப்பகலில் குஞ்சு ஒன்று சுவடின்றி மறைந்தால் அது பருந்து. மரக்கிளையிலிருந்து தாழப் பாய்ந்து கவ்வினால் வல்லூறு. காகமும் பிறந்த குஞ்சை விடாது. கழுத்திலும் தலையிலும் கடிபட்டு ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் கிடந்தால் கீரியை ஐயுறலாம். ஓடு கூட மிஞ்சாமல் முட்டைகள் மறைந்தால் பாம்பு விழுங்கியிருக்கும். இரவில் குஞ்சுகள் வளைப் பக்கம் இழுபட்டிருந்தால் பெருச்சாளி. பெரிய கோழியே இரவில் காணாமற்போய் வேலியில் இறகு மட்டும் சிக்கியிருந்தால் காட்டுப்பூனை அல்லது மரநாய். கொன்றும் தின்னாமல் குதறிப் போட்டிருந்தால், வருந்தத்தக்க செய்தி, பெரும்பாலும் அது நம் தெரு நாய்தான்.

இவற்றுக்கெல்லாம் விடையாக எழுந்த கருவி பஞ்சாரம். மூங்கிற் பிளாச்சுகளால் கவிழ்த்த குடம் போல் முடைந்தது. கொங்குப் பகுதியில் கொடாப்பு என்பாரும் உளர். அதன் கண்கள் காற்றும் வெளிச்சமும் புகும் அளவினவே. பருந்தின் கால் புகாது. குஞ்சு பொரித்த முதற் சில வாரங்கள் தாயையும் குஞ்சுகளையும் அதனுள் அடைத்து, நொய்யும் நீரும் உள்ளேயே வைப்பர். அல்லது தாயை மட்டும் உள்ளே விட்டால், குஞ்சுகள் வெளியே மேய்ந்து குரல் கேட்டதும் உள்ளே நுழையும். இரவில் வெறுந்தரையில் கவிழ்த்தால் பெருச்சாளி மண்ணைத் தோண்டி வரும். ஆதலால் கற்பலகையின் மேல் கவிழ்த்து, மேலே பாரம் வைப்பார்கள். வளர்ந்த கோழிகளுக்குச் சுவரை ஒட்டி மண்ணாலும் கல்லாலும் கூடு கட்டிப் பலகைக் கதவிடுவதுண்டு. கூடில்லாத வீடுகளில் வேம்பிலும் புளியிலும் ஏறி அடையும். மரத்தூரைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டால் பூனை ஏறாது. சில வீடுகளில் கின்னிக்கோழி இரண்டு வளர்ப்பார்கள். அந்நியர் எவர் வந்தாலும் தெருவே விழிக்கும்படி அது கத்தும். அடைக்கூடையில் இடிக்குக் காப்பாக இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைப்பதும் வழக்கம். இரும்பு இடியைத் தடுக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த வீட்டில் அடைக்கோழியை நாள்தோறும் ஒருவர் கவனிக்கிறார் என்பதற்கு அது நல்ல சான்று.

நஞ்சு வைத்துப் பகையை ஒழிக்கலாமே என்பார் சிலர். கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கீரியையும் உடும்பையும் பருந்தையும் காட்டுப்பூனையையும் காக்கிறது. சட்டம் இருக்கட்டும், அறுவடைக்குப் பின் வயலில் எலியைத் தின்பவை இவையே அல்லவா? முற்றத்தில் தடுப்பதோடு நம் உரிமை முடிந்தது.

முற்றத்தைச் சூழ்ந்த பகை கோழியின் உருவையும் செதுக்கியது. மண்ணும் சருகும் போன்ற நிறமுடைய பெட்டை அடையிருக்கையில் கண்ணுக்குப் படாது தப்பியது. பளிச்சென்று தெரிந்தது போயிற்று. பறக்க வல்லது மரமேறிப் பிழைத்தது. பொறுப்பற்ற தாயின் குஞ்சுகள் பருந்துக்குப் போயின. கடுமையான தாயின் குஞ்சுகளே அடுத்த ஈட்டுக்குத் தாய்களாயின. மனிதனும் தன் பங்குக்குத் தேர்ந்தான். கறுப்புச் சேவல் வேண்டும் சாமியும் சிவப்புச் சேவல் வேண்டும் சாமியும் ஊரில் இருந்ததால் எல்லா நிறமும் மந்தையில் நின்றது. மேலும் அக்கோழி வீட்டுப் பெண்களின் உடைமை. நிலமும் மாடும் ஆண் பெயரில் இருக்கும். முட்டைக் காசு மட்டும் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும். என் மாணவர் பலருடைய ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் விலை அந்தப் பெட்டியிலிருந்தே வந்தது. எனவே, பருந்து ஒரு குஞ்சைத் தூக்கினால் அது ஒரு தாயின் கைப்பணத்தைத் தூக்கியது ஆகும்.

இனம் என்பதற்கு இலக்கணம் எழுதி, இந்நிறம், இவ்வெடை, இக்கொண்டை என்று வரையறுத்தது மிக அண்மைக் காலத்துச் செயல். இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் முதற் கோழிக் கண்காட்சி நடந்தது 1845இல். இங்கிலாந்தில் 1865இலும் அமெரிக்காவில் 1874இலும் இனங்களுக்கான இலக்கண நூல்கள் வெளிவந்தன. நம் அசிலும் அவ்வேட்டில் ஏறிற்று. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அதனை வேறு இனங்களோடு கலந்து உருவாக்கிய கோழியே இன்றைய கறிக்கோழியின் தந்தை வழி. சேந்தமங்கலத்து முற்றத்தில் நின்ற சிறுவிடைக்கோ அவ்வேடுகளில் பக்கம் இல்லை. அது யாருக்கும் பரிசு பெற்றுத் தரவில்லை. வீட்டைக் காத்தது, அவ்வளவே.

மூன்றாம் பருவம் கொட்டகை. இத்தாலியத் துறைமுகமாகிய லிவோர்னோவின் பெயரால் லெகார்ன் என வழங்கும் வெள்ளைக் கோழி, 20ஆம் நூற்றாண்டில் நம் நாட்டில் பரவியது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1920களில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் ஊர்ப்புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் அவ்வினத்தை ஊராருக்கு அறிமுகம் செய்து, முட்டை விற்கக் கூட்டுறவும் அமைத்தார். அப்பருவத்திலேயே மற்றொரு பகைவனும் வெளிப்பட்டான். அவனுக்கு அலகுமில்லை, நகமுமில்லை. இமயமலை அடுத்த இராணிக்கேத் என்னும் ஊரில் 1920களின் இறுதியில் கண்டறியப்பட்டதால் இராணிக்கேத் நோய் எனப்பட்டது. நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்போம். பருந்து நாளுக்கு ஒரு குஞ்சைக் கொண்டுபோகும். இதுவோ ஒரு வாரத்தில் தெருவையே வெறுமையாக்கிவிடும். பஞ்சாரம் இதனைத் தடுக்காது, தடுப்பூசியே தடுக்கும். 1940களில் முக்தேசுவர் ஆய்வு நிலையத்தில் உருவான தடுப்பு மருந்து இந்தியக் கோழி வளர்ப்பையே மாற்றிற்று என்றால் மிகையாகாது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மழை குறைந்த மேட்டு நிலம், வறண்ட காற்று, தீவனத்துக்குச் சோளமும் கடலைப் பிண்ணாக்கும், சரக்கேற்ற லாரிகள் ஆகிய எல்லாம் நாமக்கல்லில் ஒன்றுகூடின. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1989 முதல் சத்துணவுப் பிள்ளைகளின் தட்டில் முட்டை வந்தது. இதனை நான் குறைத்துப் பேசமாட்டேன். காலையில் பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளைக் கண்ட எவரும் அந்த முட்டையைக் குறை கூறார்.

ஆயினும் கூண்டுக்குள் புகுந்த கோழியிடம் என்ன மாறியது என்பதைக் கணக்கிட வேண்டும். கம்பி வலைக்குள் பருந்து இல்லை. ஆதலால் மண் நிறம் வேண்டா, வெள்ளையே போதும். ஓடவும் பறக்கவும் வேண்டா. அடையில் அமர்ந்தால் முட்டை நின்றுபோகும். ஆதலால் அடைகாக்கும் குணத்தையே தலைமுறை தலைமுறையாக நீக்கினார்கள். ஆண்டுக்கு ஐம்பது அறுபது முட்டையிட்ட முற்றத்துப் பெட்டை எங்கே, 300க்கு மேல் இடும் இவ்வெள்ளைப் பெட்டை எங்கே! ஆனால் பண்ணையில் கழித்த வெள்ளைக் கோழிகளை மலிவாக வாங்கி வந்து முற்றத்தில் விட்ட வீடுகளை நான் அறிவேன். பருந்தின் நிழல் விழுந்தால் அவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்.

இதனை உணர்ந்தே பின்வந்த அறிஞர் புறக்கடைக்கென்று தனி வகைகளை உருவாக்கினர். ஐதராபாத்தில் கோழி ஆய்வு இயக்ககம் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும், சென்னை நந்தனத்தில் உருவான நந்தனம் கோழியும் அத்தகையன. வனராஜாவுக்குப் பல நிற இறகு அமைத்தது அழகுக்கு மட்டுமன்று, புதரில் மறைந்து தப்புவதற்காக. நெடிய கால் அமைத்தது ஓடித் தப்புவதற்காக. பருந்தும் பூனையும் பல நூற்றாண்டுகள் செய்த தேர்வின் ஒரு பகுதியை ஆய்வுக்கூடம் மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. அடைகாக்கும் குணம் மட்டும் அவற்றுக்குத் திரும்பி வரவில்லை. அதனால் மலையடிவாரத்து வீடுகளில் இன்று ஒரு வழக்கம் காணலாம். புதுக் கோழியின் பெரிய முட்டைகளைக் கூடையில் தவிட்டின்மேல் அடுக்கி, அவற்றின் மீது ஒரு சிறுவிடைப் பெட்டையை அமர்த்துகிறார்கள். 21ஆம் நாள் பொரிக்கும் அந்தக் குஞ்சுகள் சில வாரங்களிலேயே தாயினும் பெரிதாக வளர்ந்துவிடுகின்றன. ஆயினும் அதன் கீச்சொலி கேட்டவுடன் பஞ்சாரத்துக்குள் ஓடுகின்றன.